இதய நோயுடன் பயணம்: திருகோணமலையிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் இதய நோயுடன் வாழும் ஒருவரால் பயணத்தை அடியோடு தவிர்த்துவிட முடியாது. சிறப்புப் பரிசோதனைக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டிவருகிறது. அதோடு மட்டக்களப்பில் ஒரு கல்யாணம், வவுனியாவில் ஒரு மரணவீடு, கதிர்காமத்துக்கு ஒரு நேர்த்தி, கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு, கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ளவர்களுக்கு ஹஜ், உம்றாக் கடமைகள் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பாகப் போய்வரலாம். வழியில் ஏற்படும் இடர்களைக் கவனித்துப் பார்த்தால், அவற்றில் பல, வீட்டில் ஒழுங்காக நடந்த காரியங்கள் பயணத்தில் தவறிப்போவதால் வருபவை என்பது தெரியும். குளிசை ஒரு வேளை விடுபடுகிறது, சாப்பாட்டில் உப்புக் கூடுகிறது, தூக்கம் குறைகிறது, நெஞ்சில் நோவு தொடங்கினாலும் மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாதென்று நோயாளி அடக்கிக்கொள்கிறார். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்தத் தவறுகளை முன்கூட்டியே அடைப்பதைப் பற்றியது. இது உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாகாது. அவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

புறப்படலாமா?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுவே. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு நோவு வருகிறவர், அண்மைக் காலமாக நோவு அடிக்கடி வரத் தொடங்கியவர் அல்லது முன்னையிலும் குறைந்த வேலைக்கே வருவதைக் காண்பவர், இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறவர், கால் வீக்கம் ஏறிக்கொண்டிருப்பவர், காரணமின்றி மயங்கி விழுந்தவர், இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போய் இன்னும் கட்டுக்குள் வராதவர் ஆகியோர் பயணத்தை ஒத்திவைத்து, உடனே வைத்தியரைக் காண வேண்டும். அது எவ்வளவு நெருங்கிய உறவினரின் சடங்காக இருந்தாலும் இந்த விடயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

அப்படியான அறிகுறிகள் இல்லாதவர் தமது நிலையை ஓரளவு தாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். சமதரையில் சுமார் 100 மீற்றர் தூரத்தைச் சாதாரண வேகத்தில் நடக்கவும், பத்துப் பன்னிரண்டு படிகள் ஏறவும் முடிந்து, அப்போது நெஞ்சு நோவோ கடும் இளைப்போ வராவிட்டால், விமானப் பயணம் உட்பட வழமையான பயணங்களைத் தாங்கக்கூடும் என்பது பொதுவாகப் பயன்படும் ஒரு கணிப்பு. டச்பே கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள வீதியில் மாலை வேளையில் இதைச் செய்து பார்க்கலாம். மணலில் நடப்பது இதயத்துக்குக் கூடிய வேலை என்பதால் இந்தச் சோதனைக்கு வீதியே பொருத்தமானது. தனியாகச் செய்யாமல் வீட்டார் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

மாரடைப்புக்குப் பின்னரும், அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாயான ஸ்டென்ட் வைத்த பின்னரும், அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் பைபாஸ் சத்திர சிகிச்சைக்குப் பின்னரும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிக்கலில்லாத நிலையில் ஸ்டென்ட் வைத்தவர் ஒரு வாரத்துக்குள்ளும், மாரடைப்பு வந்தவரும் பைபாஸ் செய்தவரும் சுமார் இரண்டு வாரங்களின் பின்னரும் பயணம் பற்றி யோசிக்கலாம் எனப் பொதுவாகக் கூறப்பட்டாலும், இதயத்தின் பம்பும் சக்தி குறைந்தவர்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பைபாஸ் செய்தவர்களுக்கு மேலதிகமாக ஒரு விடயம் உண்டு. பிளந்து பொருத்திய நெஞ்செலும்பு ஒட்டி உறுதியாவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை எடுக்கும். அதுவரை பயணப் பையைத் தாமே தூக்குவதும், பஸ்ஸின் மேல்தட்டில் பொதி ஏற்றுவதும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், பள்ளம் திட்டியான ஒழுங்கைகளில் ஓட்டோவில் குலுங்கிப் போவதும் கூடாது. வான் வாகனத்தில் போகும்போது பின் ஆசனத்தில் அமர்ந்து, ஆசனப் பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு சிறிய தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். காயம் நோகிறது என்பதற்காகப் பட்டி அணியாமல் போகாதீர்கள்.

குளிசைகளும் கொப்பியும்

அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசைகள் பெரும்பாலும் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் கணக்காகவே தரப்படும். ஆகவே பயணம் கிளினிக் நாளைத் தாண்டுமானால் முன்கூட்டியே போய்க் காரணத்தைச் சொல்லி, மேலதிகமாகப் பெற முடியுமா என்று கேளுங்கள். முடியாதவிடத்து மருந்துத் துண்டை எழுதுவித்து வெளியே பாமசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட நாட்களுக்கு மேலாக ஒரு வாரத்துக்கான குளிசை கையில் இருப்பது நல்லது. மாரி காலத்தில், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரையில், கிழக்கில் வெள்ளம் ஏறி வீதிகள் தடைப்படுவது நாம் அறிந்த விடயம். வெருகல் பக்கமாகவோ மட்டக்களப்புப் பக்கமாகவோ போனவர் குறித்த நாளில் திரும்ப முடியாமற் போகலாம்.

ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகிய இரண்டையும் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. முதல் வருடத்தில் இவற்றை விட்டுவிட்டால், ஸ்டென்டுக்குள் இரத்தம் திடீரென உறைந்து மாரடைப்பு வரக்கூடும். துடிப்பைக் குறைக்கும் குளிசைகளான பிசோப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல் போன்றவற்றைச் சடுதியாக நிறுத்தினால் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறி, அடங்கியிருந்த நெஞ்சு நோவு திரும்பி வரும். "இரண்டு நாள்தானே, வந்து போடுவோம்" என்ற பேச்சுக்கு இவ்விரண்டு வகைகளிலும் இடம் கொடுக்காதீர்கள்.

அரசாங்க மருந்தகத்தில் கடதாசி உறைகளில் எண்ணித் தரப்படும் குளிசைகள் பயணத்தில் ஒன்றோடொன்று கலந்துபோவது எளிது. ஒவ்வோர் உறையிலும் மருந்தின் பெயரும் அளவும் வேளையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அவற்றை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, கையோடு கொண்டுபோகும் பையில் வையுங்கள். பஸ்ஸின் அடியிலோ வானின் பின்புறத்திலோ போகும் பெரிய பொதிக்குள் வைக்க வேண்டாம்.

நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையான கிளிசரில் டிரைநைட்ரேட்டுக்கு இன்னும் கூடிய கவனம் தேவை. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அதன் வலுவைக் குறைத்துவிடும் என்பதால், அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்க வேண்டும்; கடதாசி உறைக்கோ பிளாஸ்டிக் டப்பாவுக்கோ மாற்றக்கூடாது. வெயிலில் நிறுத்திய வாகனத்தில் விட்டுப் போகவும் கூடாது. போத்தலைத் திறந்த திகதியை அதன் மேல் எழுதிவைத்து, எப்போது மாற்ற வேண்டுமென்று மருந்தாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூடப் போகிறவர்கள் அனைவருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்காகச் சில்டெனாபில், டடலாபில் போன்ற குளிசைகளை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லியே ஆக வேண்டும். அவற்றோடு இந்தக் குளிசை சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு விழும்.

கிளினிக் கொப்பி உங்களோடு வர வேண்டும். அதன் முக்கியமான பக்கங்களையும், கடைசி ஈசிஜி (இதயத் துடிப்பின் மின்பதிவு), எக்கோ (இதய ஸ்கான்) அறிக்கைகளையும் கைபேசியில் படம் எடுத்து, கூட வருபவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். பழைய ஈசிஜி ஏன் முக்கியமென்றால், முன்பு மாரடைப்பு வந்தவரின் ஈசிஜி நிரந்தரமாகவே சற்று மாறியிருக்கும். தெரியாத ஊரில் முதன்முதலாகப் பார்க்கும் வைத்தியருக்கு, அந்த மாற்றம் பழையதா, இப்போது ஏற்பட்டதா என்று பிரித்தறிய முன்னைய பிரதி ஒன்றே பெரிய உதவி. நோயின் பெயர், செய்த சிகிச்சைகளும் திகதிகளும், குளிசைகளின் பொதுப் பெயர்கள், ஒவ்வாமை, வீட்டாரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதுவித்து வைத்திருந்தால், அனுராதபுரத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் அது பயன்படும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப் பெயர் மாறாது.

செயற்கை இதய வால்வுக்காகவோ ஒழுங்கற்ற துடிப்புக்காகவோ இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் நீண்ட பயணத்துக்கு முன்னர், இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றை வழமையாக எந்த அளவில் சாப்பிடுகிறீர்களோ அந்த அளவிலேயே பயணத்திலும் சாப்பிடுங்கள். ஒரேயடியாகக் கூட்டினாலோ விட்டாலோ மருந்தின் வேலை மாறும். மூட்டு நோவுக்கென்று கடையில் டைக்குளோபெனாக், இபுபுரோபன் வாங்கிப் போடுவது இவர்களுக்கு இரத்தக் கசிவை உண்டாக்கும். இதயச் செயலிழப்பு (இதயத்தின் பம்பும் சக்தி குறைந்த நிலை) உள்ளவர்களுக்கு உடலில் நீரைத் தேக்கும். பயணக் களைப்புக்கு அன்போடு யாராவது தரும் கசாயம், லேகியம் போன்றவற்றையும் வைத்தியரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

நீர்க்குளிசை

இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பயணத்தில் நோயாளர்கள் வேண்டுமென்றே விடும் மருந்து இதுதான். புரூஸமைட் போன்ற நீர்க்குளிசையைப் போட்டால் அடுத்த சில மணித்தியாலங்களுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிவரும். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம், வழியிலுள்ள மலசலகூடங்களின் நிலை, குறிப்பாகப் பெண்கள் படும் அவதி ஆகியவற்றால் காலைக் குளிசையை விட்டுவிடுகிறார்கள். தாகத்தை அடக்கித் தண்ணீரையும் விடுகிறார்கள். போகும் நாளில் ஒன்று, தங்கும் நாளில் ஒன்று, திரும்பும் நாளில் ஒன்று என்று விட்டால், நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும் நிலையில் வைத்தியசாலைக்குப் போக நேரிடும். இதற்காக அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. பயணத்தின் நேரத்தை மாற்றுவதே வழி.

பலருக்கு, பயண நாளில் இந்தக் குளிசையைச் சில மணித்தியாலம் பிந்தி, போய்ச் சேர்ந்த பின்னர் எடுப்பதற்கு வைத்தியர் அனுமதி தருவார். சிலருக்கு அதிகாலையில் எடுத்து, அதன் வேகம் அடங்கிய பின் புறப்படுவது பொருந்தும். எது உங்களுக்கு ஏற்றதென்று கிளினிக்கிலேயே கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. வைத்தியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி அது. இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடு முன் நிறை பார்க்கும் வழக்கத்தைப் போகுமிடத்திலும் தொடர வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்குள் நிறை இரண்டு கிலோ கூடினால், உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். வீக்கம் தெரியும் வரை காத்திராமல் அன்றே வைத்தியரைத் தொடர்புகொள்ளுங்கள்.

பஸ், ரயில், வான்

கொழும்புக்கு வீதியால் சுமார் 260 கிலோமீற்றர். ஆறு மணித்தியாலத்துக்கும் கூடுதலாக ஒரே ஆசனத்தில் கால் மடித்து இருக்க வேண்டிய பஸ் பயணத்தை இதய நோயாளருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு ரயில் நல்லது. எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு, ஆசனம் பதிவு செய்யலாம். எனினும் கந்தளாயைத் தாண்டிக் கல்லோயாச் சந்தி வரையுள்ள பாதை காட்டுக்குள்ளால் போகிறது. அங்கே ஏதேனும் நேர்ந்தால் அடுத்த நிலையம் வரை உதவி கிடைப்பது கடினம். ஆகவே வைத்தியசாலையிலிருந்து அண்மையில் வீடு திரும்பியவருக்கும், நோவு எப்போது வருமென்று சொல்ல முடியாதவருக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய வானே பாதுகாப்பு. செலவு கூடுதல்தான். அதைக் குடும்பத்தார் ஓர் ஆடம்பரமாகக் கருதாமல் மருத்துவச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வான் சாரதியிடம் புறப்படும்போதே நோயாளி ஒருவர் வருகிறார் என்றும், ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஆசனத்தில் இருக்கும்போது குதிக்காலையும் பாதத்தையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்த வேண்டும். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருப்பது கால் நாளங்களில் இரத்தம் உறைவதற்கு வழிவகுக்கும். இறுக்கமான காலுறைகள் சிலருக்கு உதவும். ஆனால் கால் நாடிகளில் அடைப்புள்ளவருக்கு அவை தீங்கு செய்யும் என்பதால் கேட்காமல் அணிய வேண்டாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடப்பதும் ஒரு காரணமாக, பகலில் போவதே என் விருப்பம். பகலில் வைத்தியசாலைகளை அணுகுவதும் எளிது.

வழியில் எங்கெங்கே வைத்தியசாலை உண்டென்று முன்கூட்டியே அறிந்து வையுங்கள். கொழும்பு வீதியில் கந்தளாய், தம்புள்ளை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகளும், குருநாகலில் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. தெற்கே போகும்போது மூதூர், வாழைச்சேனை, மட்டக்களப்பு. வடக்கே போகும்போது ஹொரவப்பொத்தானை, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர் நோயாளியைப் படகுப் பாதையில் ஏற்றிக் கொண்டுவந்த காலத்தை நினைத்தால், இன்று அந்தப் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பது புரியும். இதய நோயில் அந்த நேரமே உயிர்.

வெயிலும் சாப்பாடும்

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையின் பகல் வெப்பம் சுகதேகிகளையே வாட்டும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் போக வேண்டியிருப்பதால் இதயத்தின் வேலை கூடுகிறது. நீர்க்குளிசையும் இரத்த அழுத்தக் குளிசைகளும் எடுப்பவருக்கு வியர்வையோடு நீரும் உப்பும் குறைந்து, எழும்போது தலைசுற்றி விழும் நிலை வரலாம். முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் வெளியில் நடப்பதைத் தவிருங்கள். தண்ணீரைக் கட்டுப்படுத்தும்படி சொல்லப்பட்டவர்கள், பயண நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டு அந்த அளவைப் போத்தலில் அளந்து கொண்டுபோங்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால், நீர்க்குளிசையையும் லொசார்டன், எனலாபிரில் போன்ற இரத்த அழுத்தக் குளிசைகளையும் தொடரலாமா என்று அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும். உடல் வற்றிய நிலையில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இளநீர் நல்லது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குடிப்பவர்கள், அதில் பொற்றாசியம் அதிகம் என்பதை அறிய வேண்டும். பொற்றாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவரும் சிறுநீரக நோய் உள்ளவரும் வைத்தியர் அனுமதித்தால் மட்டுமே குடிக்கலாம்.

வழிக் கடைகளின் கொத்துரொட்டி, றோல்ஸ், வடை, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், பக்கற் சிப்ஸ் எல்லாவற்றிலும் உப்புக் கூடுதலாக இருக்கும். இடியப்பமும் உப்புக் குறைந்த சொதியும், அல்லது புட்டும் வாழைப்பழமும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். இதய நோயாளருக்கு அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே படியேறவோ பொதி தூக்கவோ வேண்டாம்.

கோயில், வெந்நீர்க் கிணறு, மலை

வெளியூரிலிருந்து வரும் இதய நோயாளர்களுக்கும் இது பொருந்தும். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து சுவாமி மலையிலுள்ள கோணேசர் கோயில் வரை பாதை மேடாக ஏறுகிறது. அதிகாலையிலோ மாலையிலோ போய், இயன்ற தூரம் வாகனத்தில் ஏறி, எஞ்சிய தூரத்தை இடையிடையே நின்று நடந்தால் பலரால் தரிசிக்க முடியும். நடந்துகொண்டே பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். பாறை வெறுங்காலைச் சுடும் நண்பகலில் அவசரமாக ஏறுவதே ஆபத்து. விரதத்துக்காகக் குளிசையை விடுவது இன்னொரு வழக்கம். கந்தசஷ்டி ஆறு நாளும் நோற்பவரும், நோன்பு பிடிப்பவரும் முன்கூட்டியே வைத்தியரோடு பேசிக் குளிசை நேரங்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். சலரோகமும் சேர்ந்திருப்பவர்கள் இதை ஒருபோதும் தாமாகத் தீர்மானிக்கக்கூடாது.

கதிர்காமப் பாதயாத்திரை பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் தெளிவானது. வெருகல் வழியாகக் கிழக்குக் கரையோரமாகப் பல வாரங்கள் நடந்து, கடைசியில் வைத்தியசாலையே இல்லாத குமண, யால காட்டைக் கடக்கும் அந்த நடையை இதய நோயாளர் மேற்கொள்ளக்கூடாது. வாகனத்தில் போய் நேர்த்தியைச் செலுத்துங்கள். முருகன் அதைக் குறைவாக எண்ணமாட்டான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தலையில் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறையும். நாக்குக்குக் கீழே வைப்பது போன்ற நைட்ரேட் குளிசைகளையோ இரத்த அழுத்தக் குளிசைகளையோ எடுத்திருப்பவருக்கு மயக்கம் வரலாம். ஏழு கிணறுகளில் சூடு குறைந்ததைத் தேர்ந்து, காலிலிருந்து தொடங்கி, சில வாளிகளோடு நிறுத்தி, சற்று உட்கார்ந்த பின் எழும்புங்கள். சிகிரியாவில் சுமார் 1,200 படிகளும், 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையில் 5,000க்கு மேற்பட்ட படிகளும் இருக்கின்றன. அவற்றை ஏற எண்ணுபவர் முதலில், உடலுக்கு வேலை கொடுத்தபடி எடுக்கும் உடற்பயிற்சி ஈசிஜி செய்து வைத்தியரின் சம்மதம் பெற வேண்டும்.

விமானத்தில்

பறக்கும் விமானத்தின் உட்காற்றழுத்தம், சுமார் 2,400 மீற்றர் வரை உயரமான மலையில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா 1,868 மீற்றரில்தான் இருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் சற்றுக் குறையும். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர் அதைத் தாங்குவார், இதயச் செயலிழப்புக் கடுமையாக உள்ளவருக்குக் கூடுதல் ஒட்சிசன் தேவைப்படலாம். அதற்கும் சக்கர நாற்காலிக்கும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நடக்க முடிகிறவரும் கட்டுநாயக்காவில் சக்கர நாற்காலியைக் கேட்டுப் பெறலாம். நீண்ட வரிசைகளும் தூர வாசல்களும் விமானப் பறப்பைவிடக் களைப்பூட்டக்கூடியவை. துடிப்பைச் சீராக்க உடலில் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர் அதற்கான அட்டையைக் காட்டி, சோதனை வாயிலில் நிற்காமல் நடந்து கடக்கலாம். கையில் பிடிக்கும் கருவியைப் பேஸ்மேக்கரின் மேல் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டென்ட் உள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை.

பறக்கும் நாளில் இலங்கை நேரப்படியே குளிசை எடுத்து, போய்ச் சேர்ந்த பின் அந்நாட்டு நேரத்துக்கு மாற்றுவது இலகு. தவறியதை ஈடுசெய்ய ஒரே தடவையில் இரண்டு எடுக்காதீர்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இதய நோயை மறைத்தால், தேவைப்படும் நாளில் காப்புறுதி கைகொடுக்காது. கனடாவிலோ ஐரோப்பாவிலோ குளிர்காலத்தில் வெளியே இறங்கும்போது மூக்கையும் வாயையும் கழுத்துத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கி நெஞ்சு நோவைத் தூண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கோ வெப்பமே எதிரி. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது 1,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. குடை, நிழல், சக்கர நாற்காலி ஆகியவற்றை ஏற்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

வழியில் நெஞ்சு நொந்தால்

முதலில் அறிகுறியை அறிய வேண்டும். நடு நெஞ்சில் அழுத்துவது போன்ற நோவு இடது கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவலாம். பெண்களுக்கும் முதியோருக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும் நோவே இல்லாமல் திடீர் இளைப்பு, குளிர்ந்த வியர்வை, மேல்வயிற்று எரிவு, வாந்தி, சொல்ல முடியாத களைப்பு என்றும் வரலாம். "வாய்வாக இருக்கும்" என்று இஞ்சி பிளேன்ரீயோ வாய்வுக் குளிசையோ கொடுத்துப் பயணத்தைத் தொடர்ந்து, அதனால் நேரத்தை இழந்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு இப்படி வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதை இதயத்தின் அறிகுறியாகவே கொள்ளுங்கள்.

நோயாளியை உடனே உட்கார வையுங்கள். நின்றபடி நாக்குக் குளிசை வைத்தால் மயங்கி விழக்கூடும். ஒரு குளிசையை நாக்குக்குக் கீழே வைத்துக் கரைய விடுங்கள். ஐந்து நிமிடத்தில் நோவு குறையாவிட்டால், அல்லது கூடினால், 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை. காத்திருக்கும்போது, தலைசுற்று இல்லாவிட்டால் ஐந்து நிமிட இடைவெளியில் இன்னொரு குளிசை வைக்கலாம். மொத்தம் மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கக் கொடுக்கலாமா என்று பயணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள். தமிழ்நாட்டில் 108, கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112 ஆகிய இலக்கங்களை அழைக்க வேண்டும்.

அம்புலன்ஸ் வர நீண்ட நேரம் எடுக்கும் இடமாக இருந்தால், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். பெரிய வைத்தியசாலையோ தனியார் வைத்தியசாலையோதான் நல்லது என்று கந்தளாயைத் தாண்டிக் கொழும்பை நோக்கி ஓடுவது பெருந்தவறு. இதயத் தசைக்கு இரத்தம் நின்ற நிமிடத்திலிருந்து தசை இறந்துகொண்டிருக்கிறது. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் இரண்டு மூன்று மணித்தியாலங்களில் மிகக் கூடிய பயன் தரும். ஈசிஜி எடுத்து அந்த மருந்தைக் கொடுத்த பின்னர், பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதை அங்குள்ள வைத்தியர்கள் தீர்மானிப்பார்கள். நோயாளி தாமே வாகனம் ஓட்டக்கூடாது.

அவர் உணர்விழந்து, வழமையாக மூச்சு விடாமலிருந்தால், தரையில் மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். குடும்பத்தில் ஒருவராவது முதலுதவிப் பயிற்சியில் இதைப் பழகியிருப்பது நல்லது.

திரும்பி வந்த பின்

வந்த மறுநாள் காலையில் நிறையைப் பாருங்கள், எஞ்சிய குளிசைகளை எண்ணி எத்தனை வேளை தவறியதென்று அறிந்துகொள்ளுங்கள். வழியில் நாக்குக் குளிசை பயன்படுத்த நேர்ந்திருந்தால், நோவு முழுதாக நீங்கியிருந்தாலும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பயணத்துக்குப் பின் சில வாரங்கள் வரை, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாலோ, திடீரென மூச்சு விடச் சிரமமாகி நெஞ்சில் குத்தினாலோ, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். அன்றே, அது இரவாக இருந்தாலும், வைத்தியசாலைக்குப் போய், எத்தனை மணித்தியாலம் பயணம் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.